வீட்டில் கார ஊறுகாய் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊறுகாய் போடப் போகிறவர்களும், போட்டுக் கெடுத்துக்கொண்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். காய், உப்பு, பொடி அளவுகள் பெரும்பாலும் எடைக் கணக்கு. டம்ளர் கணக்கு இல்லை. ஏன் என்பது 2-ஆம் கேள்வியில் வருகிறது.

1. முதல் தடவையா போடுறேன். எந்தக் காய்ல ஆரம்பிச்சா கெடாம வரும்?

எலுமிச்சையில் ஆரம்பியுங்கள். அதன் புளிப்பே பாதிக் காவல்; மீதியை உப்பு பார்த்துக்கொள்ளும். தோல் மெலிந்த, நன்றாக மஞ்சளான பழமாக 1 கிலோ (நடுத்தர அளவில் ஏறக்குறைய 25 பழம்) எடுத்துக் கழுவித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். ஒவ்வொன்றையும் எட்டாக நறுக்கி, விதையை எடுத்துவிடுங்கள். விதை உள்ளே போனால் கசப்பு போகவே போகாது. 200 கிராம் உப்பும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும் சேர்த்து ஜாடியில் போட்டு, தினமும் ஒரு முறை குலுக்கிவிட வேண்டும்.

10 முதல் 15 நாளில் தோல் மெத்தென்று ஆகிவிடும். அதற்கு முன்னால் காரம் சேர்க்க அவசரப்படாதீர்கள். தோல் ஊறிய பிறகு 75 கிராம் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் வறுத்துப் பொடித்த வெந்தயம், கொஞ்சம் பெருங்காயம் சேருங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, முழுக்க ஆறிய பிறகு ஊற்றிக் கிளறுங்கள்.

மாங்காய், நார்த்தங்காய், நெல்லிக்காய் எல்லாம் எலுமிச்சையைப் போலப் புளிப்புள்ள காய்கள். கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர், பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றில் புளிப்பு கிடையாது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

2. உப்பு எவ்வளவு போடணும்? எங்க அம்மாகிட்ட கேட்டா கண்ணளவுங்கறாங்க.

அம்மாவின் கண்ணளவு ஒரே ஜாடி, ஒரே கரண்டி, ஒரே கடை உப்பு என்று பல வருடம் பழகி வந்தது. புதிதாகப் போடுகிறவருக்குத் தராசுதான் சரி. ஒரு டம்ளர் தூள் உப்பின் எடை அதே டம்ளர் கல் உப்பின் எடையைவிட அதிகம். கல்லும் கல்லும் நடுவே இடைவெளி இருப்பதால் வரும் வித்தியாசம் இது. நாலு டம்ளர் மாங்காய்க்கு ஒரு டம்ளர் உப்பு என்ற குறிப்பைத் தூள் உப்பில் செய்தால் வாயில் வைக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

நறுக்கிய காய் 1 கிலோவுக்கு: எலுமிச்சை 200 கிராம், ஆவக்காய் 150 கிராம், மாவடு 170 கிராம், கலந்த காய்கறி 130 கிராம். வெயிலும் வெளி வாசமும் தாங்க வேண்டிய ஊறுகாய்க்கு இதில் குறைக்காதீர்கள்.

உப்பு எண்ணெயில் கரையாது. காயில் உள்ள நீரிலும் புளிச்சாற்றிலும் மட்டுமே கரையும். அதனால் கணக்குப் போடும்போது எண்ணெயையும் பொடியையும் விட்டுவிட்டு, நீர்ப் பகுதியில் உப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். உப்புநீரில் அடைத்து விற்கும் ஊறுகாய்க்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி குறைந்தது 12 சதவீதம் கேட்கிறது. வீட்டுக்கும் அதுவே நல்ல இலக்கு. மேலே சொன்ன அளவுகளில் கலந்த காய்கறியைத் தவிர மற்றவை அந்தக் கோட்டைத் தாண்டியவை. கலந்த காய்கறியில் சாறும் சேர்வதால் சதவீதம் சற்றுக் குறையும்.

3. கல் உப்பா, தூள் உப்பா? அயோடின் உப்பு போட்டா கறுத்துடும்னு சொல்றாங்களே?

எடை சரியாக இருந்தால் இரண்டும் காக்கும். கல் உப்பு மெதுவாகக் கரைவதால் காயிலிருந்து நீர் சீராக வெளியேறும். மாவடுவுக்கு அது நல்லது. தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் உப்புநீர் சற்றுக் கலங்கலாகத் தெரியும். அயோடினால் நிறம் லேசாக மாறலாமே தவிர ஊறுகாய் கெட்டுவிடாது. கல் உப்பில் மண்ணும் ஈரமும் இருக்கும். வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் படபடவென்று பொரியும்வரை வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள்.

4. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சுன்னு பயமுறுத்துறாங்க. அப்படியா?

மாங்காயிலேயே பெரும்பகுதி தண்ணீர்தான். பிரச்சினை தண்ணீர் இருப்பதில் இல்லை. உப்பு சேராத தண்ணீர் மேலே தேங்குவதில் இருக்கிறது. ஈரக் கரண்டியிலிருந்து விழும் சொட்டு எண்ணெய்க்கும் ஜாடிச் சுவருக்கும் இடையில் நிற்கும். அந்த இடத்தில் உப்பு அடர்த்தி குறைந்து, அங்கேதான் பூசணம் முதலில் பிடிக்கும்.

கழுவிய காயைத் துணியால் துடைத்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் காற்றில் உலர்த்துங்கள். காம்புப் பள்ளத்தில் நீர் நிற்கும், அதைத் தனியாகத் துடையுங்கள். கத்தி, பலகை, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். ஜாடியை வெந்நீரில் கழுவிய பின் வெயிலில் கவிழ்த்து வைத்து, பிறகு நிமிர்த்திக் காயவிடுங்கள். கவிழ்த்து மட்டும் வைத்தால் உள்ளே ஆவி அடங்கிக்கொள்ளும்.

5. கடையில கிளிமூக்கு மாங்காய்தான் கிடைச்சுது. ஆவக்காய் போடலாமா?

வேண்டாம். கிளிமூக்கில் புளிப்பு குறைவு, சதை மென்மை. ஒரு மாதத்தில் களிபோல ஆகிவிடும். அன்றே நறுக்கி அன்றே தாளித்து ஒரு வாரத்தில் சாப்பிட்டு முடிக்கும் மாங்காய்க்கு அது அருமை. அதை அதற்கே விட்டுவிடலாம்.

ஆவக்காய்க்கு வேண்டியது பல் கூசும் புளிப்பும், கெட்டியான சதையும், முற்றிய ஓடும் உள்ள காய். சித்திரை, வைகாசியில் கிடைக்கும். ஓட்டோடு வெட்டினால்தான் துண்டு வருடக் கணக்கில் குலையாமல் நிற்கும். வீட்டுக் கத்தியில் ஓடு வெட்டப் போய்க் கையை வெட்டிக்கொள்ளாதீர்கள். மாங்காய் விற்பவர்களே பெரிய அரிவாளில் வெட்டித் தருவார்கள், காயைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் பருப்பையும், ஓட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற தோலையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டாகத் துடையுங்கள்.

1 கிலோ துண்டுக்கு 150 கிராம் உப்பு, 125 கிராம் கடுகுப்பொடி, 125 கிராம் மிளகாய்த்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் முழு வெந்தயம், ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், 300 மில்லி நல்லெண்ணெய். பொடிகளை முதலில் ஒன்றாகக் கலந்து, துண்டுகளை எண்ணெயில் புரட்டி, பிறகு பொடியில் புரட்டி அடுக்குங்கள். மீதிப் பொடியும் எண்ணெயும் மேலே. மூன்றாம் நாள் அடிவரை கிளறி, உப்பும் எண்ணெயும் போதுமா என்று பாருங்கள்.

6. ஆவக்காய் போட்டு நாலு நாள் ஆச்சு. கசக்குது. தூக்கிப் போட்டுடவா?

பொறுங்கள். பச்சைக் கடுகுப்பொடியில் ஈரம் பட்டதும் மூக்கில் ஏறும் அந்த நெடி உண்டாகும். கூடவே ஒரு கசப்பும் வரும். இரண்டு மூன்று வாரத்தில் அது அடங்கிவிடும். ஆவக்காயின் குணமே அந்த நெடிதான் என்பதால் கடுகை வறுத்துப் பொடிக்காதீர்கள். சூடு பட்டால் நெடியை உண்டாக்கும் நொதி செயலிழந்துவிடும். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, எண்ணெய் விட்டு, கசப்பும் கூடும்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் கசந்தால் காரணம் வேறு: பருப்புத் தோல் எடுக்காமல் விட்டது, அல்லது வெந்தயத்தை வறுத்துப் போட்டிருந்தால் அது கருகியது. வெந்தயத்தைச் சிறு தீயில் செம்மண் நிறம் வரும்வரைதான் வறுக்க வேண்டும். பழுப்பைத் தாண்டிக் கருமை தட்டினால் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள். கருகிய வெந்தயத்தின் கசப்பை வெல்லம் போட்டும் மறைக்க முடியாது.

7. கலர் கடை ஊறுகாய் மாதிரி சிவப்பா வரமாட்டேங்குது. என்ன மிளகாய் வாங்கணும்?

நிறத்துக்கு ஒரு மிளகாய், காரத்துக்கு ஒரு மிளகாய். காஷ்மீரி அல்லது பியாடகி நிறம் தரும், காரம் குறைவு. குண்டூர் மிளகாயில் காரம் தூக்கலாக இருக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக வரும். முழு மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, நல்ல வெயிலில் காயவைத்து மிஷினில் அரைப்பது உத்தமம். குழம்பு மிளகாய்த்தூளைப் போடாதீர்கள். அதில் மல்லி கலந்திருக்கும். ஊறுகாய் கொழகொழத்து மண் வாசனை அடிக்கும்.

நிறம் போவதற்குப் பெரிய காரணம் மிளகாய் அல்ல, கொதிக்கும் எண்ணெய். அடுப்பை அணைத்து, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு எண்ணெய் இறங்கிய பிறகு தூளைச் சேருங்கள். ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாலும் மேல்பகுதி வெளிறும். இன்னொன்று: காரம் அதிகம் போட்டால் கெடாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. மிளகாய் நாக்குக்கு, காவலுக்கு உப்பும் புளிப்பும்.

8. நல்லெண்ணெய் விலையைப் பார்த்தா மயக்கம் வருது. ரீஃபைண்டு ஆயில் ஊத்தலாமா?

ஊற்றலாம், கெடாது. வாசனை இருக்காது, அவ்வளவுதான். நல்லெண்ணெய்க்கு ஒரு கூடுதல் குணம் உண்டு: அதிலுள்ள இயற்கைப் பொருள்கள் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். வருடம் முழுக்க வைக்கும் ஆவக்காய்க்கு நல்லெண்ணெய், ஒரு மாதத்தில் தீரும் காய்கறி ஊறுகாய்க்குக் கடலை எண்ணெயோ ரீஃபைண்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும் என்பதால் இதற்குத் தோதில்லை.

துண்டுகளுக்கு மேலே ஒரு விரல் அளவு எண்ணெய் நிற்க வேண்டும். சில நாளில் காய் எண்ணெயைக் குடித்து மட்டம் இறங்கும். அப்போது எண்ணெயைக் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து ஊற்றுங்கள். எண்ணெய் காற்றைத் தடுக்கும் மூடி மட்டுமே. காற்று வேண்டிய பூசணத்தை அது நிறுத்தும். காற்று வேண்டாத கிருமிகளுக்கு அது ஒரு தடையே இல்லை. இது ஏன் முக்கியம் என்பது 12-இல்.

9. மாவடு ஒரு வாரம் ஆகியும் சுருங்கல. சிலது அமுக்கினா மெத்துன்னு இருக்கு.

சுருங்காததற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக் குறைவு, அல்லது குலுக்காமல் விட்டது. மெத்தென்று ஆவதற்குக் காரணம் காயிலேயே இருக்கும்: கீழே விழுந்து அடிபட்டது, பறித்து இரண்டு மூன்று நாள் ஆனது, காம்பு முழுக்க முறிந்து உள்ளே நீர் போனது. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். டக்கென்று ஒடிய வேண்டும், காம்பில் பால் வாசனை இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் வரும் உருண்டை வடுதான் நல்லது.

1 கிலோ வடுவைக் கழுவித் துடைத்து, கால் அங்குலக் காம்பு விட்டு மீதியைக் கிள்ளுங்கள். இரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெயில் எல்லா வடுவும் பளபளக்கும்படி புரட்டி, 170 கிராம் கல் உப்பைப் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வையுங்கள். காலையும் மாலையும் குலுக்க வேண்டும். மூன்று நாளில் நீர் விட ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் தோல் சுருங்கியதும், அந்த நீரையே எடுத்து 50 கிராம் மிளகாய்த்தூள், 25 கிராம் கடுகுப்பொடி, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். மூன்று வாரம் கழித்துச் சாப்பிட எடுக்கலாம்.

ஏற்கெனவே மெத்தென்று போன வடுக்களைத் திரும்பக் கடினமாக்க முடியாது. பொறுக்கி எடுத்து, கொட்டை நீக்கி, நாலு பச்சை மிளகாயோடு அரைத்துத் தயிரில் கலந்து பச்சடியாக அன்றே தீர்த்துவிடுங்கள். மீதிக்கு 20 கிராம் உப்பு கூடுதலாகச் சேருங்கள்.

10. கல்யாணப் பந்தியில போடுவாங்களே, கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர் எல்லாம் போட்டு, அது எப்படி?

கேரட் 350 கிராம், காலிஃப்ளவர் 250, பீன்ஸ் 200, பச்சை மிளகாய் 100, இஞ்சி 50, மாங்காய் இஞ்சி 50. மொத்தம் 1 கிலோ. விரல் கணு அளவுத் துண்டுகள். உப்பு 130 கிராம், எலுமிச்சைச் சாறு 200 மில்லி, மிளகாய்த்தூள் 70 கிராம், கடுகுப்பொடி 40 கிராம், வறுத்த வெந்தயப்பொடி 10 கிராம், மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன், எண்ணெய் 200 மில்லி, பெருங்காயம்.

காலிஃப்ளவரை மஞ்சள், உப்பு போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துப் பூச்சி பார்த்து எடுங்கள். கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர் மூன்றையும் கொதிநீரில் ஒரே ஒரு நிமிடம் போட்டு வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி மூன்று நாலு மணி நேரம் உலர்த்துங்கள். பீன்ஸை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். உலர்த்தாமல் போட்டால் மறுநாள் நீர் கோத்துச் சாம்பார் போல ஆகும். அதிகம் வேகவைத்தால் நறுக்கென்ற கடி போய்விடும். இந்த ஊறுகாய்க்கு உயிரே அந்தக் கடிதான்.

உலர்ந்த காயோடு உப்பு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு சேர்த்து இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, 7-இல் சொன்ன வெதுவெதுப்பில் மிளகாய்த்தூளும் வெந்தயமும் சேர்த்து, முழுக்க ஆறியபின் கடுகுப்பொடியோடு காயில் கலக்குங்கள். மூன்றாம் நாள் பந்திக்குத் தயார்.

11. அந்தக் காய்கறி ஊறுகாயை வெளிய வைக்கலாமா? வினிகர் ஊத்தினா தாங்குமா?

ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் நன்றாக இருக்கும். புளிப்பில்லாத காய்களில் நாம் ஊற்றும் சாறு துண்டின் நடுவரை இறங்கியதா என்பது துண்டின் அளவைப் பொறுத்தது. ஆவக்காய் மாதிரி மாடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடும் சரக்கு இது இல்லை. சிறிதாகப் போட்டு, தீர்ந்ததும் மறுபடி போடுவதுதான் லாபம்.

வினிகர் ஊற்றலாம். பாட்டிலில் 5 சதவீதம் என்று இருப்பதை வாங்கி, எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக அதே 200 மில்லி. தண்ணீர் கலந்து நீர்க்க விடாதீர்கள். சுவை வேறு பக்கம் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். நல்லெண்ணெயும் வினிகரும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. வினிகர் சுவைதான் பிடிக்கும் என்றால் இலங்கை அச்சாறு பக்கம் போகலாம். கடுகை வினிகரில் அரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கேரட், பப்பாளிக்காயைச் சர்க்கரை தொட்டுக் கலப்பது; எண்ணெய் தேவையில்லை.

12. பூண்டு ஊறுகாய் போட்டேன், பூண்டெல்லாம் பச்சையா, நீலமா ஆயிடுச்சு. விஷமா?

நிறம் விஷமில்லை. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பு பட்டதும் நிறம் மாறுவதுதான் அது. குளிரில் வைத்திருந்த பூண்டிலும், முளை விட்டதிலும் அதிகம் வரும். பூண்டை எண்ணெயில் நன்றாக வதக்கிய பிறகு புளிப்பு சேர்த்தால் குறையும்.

பூண்டில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. மண்ணிலிருந்து வரும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, உப்புக் குறைந்த இடத்தில் அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதற்கு வாகான இடம். கொதி எண்ணெயில் வதக்கினேனே என்றால், பூண்டில் ஈரம் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் வித்துகள் சாவதில்லை. புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அவை வளராது. ஆகவே உரித்த பூண்டு அரை கிலோவுக்குக் குறைந்தது 150 மில்லி எலுமிச்சைச் சாறு, 75 கிராம் உப்பு, வைப்பது ஃபிரிட்ஜில். வெறும் எண்ணெயும் பூண்டும் மிளகாயும் மட்டும் போட்டு மேடையில் வைக்கும் குறிப்பை எங்கே பார்த்தாலும் விட்டுவிடுங்கள்.

13. மேலே வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. வழிச்சு எறிஞ்சிட்டுச் சாப்பிடலாமா?

வெள்ளை மூன்று விதம். தொட்டால் நறநறவென்று இருந்து, வெதுவெதுப்பான நீரில் கரைந்தால் அது உப்புப் படிகம். ஒன்றும் செய்ய வேண்டாம். மாவடு நீரின்மேல் மெல்லிய ஆடைபோல, சுருக்கம் சுருக்கமாக, வழவழவென்று படர்ந்தால் அது ஈஸ்ட் ஆடை. அதை வழித்துவிட்டு, உப்புநீரை மட்டும் வடித்துக் கொதிக்கவைத்து, 1 கிலோ வடுவுக்கு 20 கிராம் உப்பு கூட்டி, ஆறவைத்து ஊற்றலாம். ஜாடியையும் மாற்றிவிடுங்கள்.

பஞ்சுபோல மயிர் மயிராக எழும்பியிருந்தாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு தட்டியிருந்தாலோ அது பூசணம். மேலே தெரிவதை எடுத்துவிட்டால் போதும் என்ற பழக்கம் பல வீட்டில் உண்டு, அது சரியில்லை. பூசணத்தின் வேர் கீழே இறங்கியிருக்கும். சில பூசணங்கள் சுரக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அவை புளிப்பையும் தின்று குறைத்துவிடும் என்பதால் 12-இல் சொன்ன ஆபத்துக்கும் வழி விடும். முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

14. மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து வருது, நுரைக்குது. கெட்டுப் போச்சா?

எந்த ஊறுகாய், என்றைக்குப் போட்டது என்பதைப் பொறுத்தது. எலுமிச்சையோ மாவடுவோ உப்பில் ஊறும் முதல் சில நாளில் லேசாகக் குமிழி விடலாம். வாசனை புளிப்பாக, சுத்தமாக இருந்தால் பயமில்லை. கிலோவுக்கு எவ்வளவு உப்பு போட்டீர்கள் என்று 2-ஐப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஊறும் நாட்களில் இறுக்கமான மூடியைவிட வேடு கட்டுவதே நல்லது என்று சொல்வதும் இதனால்தான்.

பூண்டு, காய்கறி ஊறுகாயில் மூடி உப்பினாலோ, போட்டுப் பல வாரம் கழித்து நுரைத்தாலோ ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள். போட்டுலினம் நஞ்சுக்குத் தனி வாசனையோ ருசியோ கிடையாது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது.

15. உப்பு கரிக்குது. தண்ணி ஊத்திக் குறைக்கலாமா?

கூடாது. உப்பு போடாத அதே காயை நறுக்கிச் சேருங்கள். எலுமிச்சையானால் சாறு பிழிந்து ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் உப்பு புதுத் துண்டுகளுக்குள் போய்ச் சமமாகும். மாங்காய் சீசன் முடிந்துவிட்டதென்றால் எலுமிச்சைச் சாறு அதற்கும் பொருந்தும். வெல்லம் உப்பைக் குறைக்காது, நாக்கை ஏமாற்றும். சில நேரம் அதுவே போதும்தான். ஆனால் முதல் வாரத்தில் ருசி பார்த்து முடிவுக்கு வராதீர்கள். துண்டு உப்பை உறிஞ்சும் முன் சாறு கரிப்பது சகஜம்.

16. வீட்டுக்காரருக்கு பி.பி. இருக்கு. பாதி உப்பு போட்டு ஊறுகாய் போட முடியுமா?

பாதி உப்பு போட்ட ஊறுகாய், ஊறுகாய் அல்ல, சாலட். அப்படியே நினைத்துச் செய்யுங்கள்: 200 கிராம் மாங்காய், ஒரு டீஸ்பூன் உப்பு, மிளகாய்த்தூள், தாளிப்பு, ஃபிரிட்ஜில் நாலைந்து நாள். ஜாடி ஊறுகாயில் உப்பைக் குறைப்பதைவிட இலையில் வைக்கும் அளவைக் குறைப்பதே புத்திசாலித்தனம். ஒரு டீஸ்பூன் ஊறுகாயில் ஏறக்குறைய அரை கிராம் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு கசக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

17. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் தூக்கு, எதுல வைக்கலாம்?

பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடி. கண்ணாடி பாட்டிலின் தகர மூடி உப்பு பட்டுத் துருப்பிடிக்கும். மூடிக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். எவர்சில்வரில் கலக்கலாம், மாதக் கணக்கில் வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் டப்பா நிறமும் வாடையும் பிடிக்கும், சூடான எண்ணெய் அதில் படக் கூடாது. பெரிய ஜாடியைத் தினமும் திறக்காமல், வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு அதைப் புழங்குங்கள்.

18. பி.எச். தாள் வாங்கினேன். ஊறுகாய்ல தொட்டா சிவப்பாதான் காட்டுது. எப்படிப் பார்க்கறது?

நீங்கள் பார்ப்பது மிளகாய் நிறம். எண்ணெயும் மிளகாயும் சேர்க்கும் முன், உப்பும் புளிச்சாறும் மட்டும் இருக்கும் கட்டத்தில் சோதியுங்கள். 10-இல் சொன்ன ஊறலில் மறுநாள் காலை ஒரு பெரிய துண்டை எடுத்து, மேலே துடைத்து, நடுவில் வெட்டி, வெட்டிய பக்கத்தில் தாளை அழுத்துங்கள். மஞ்சள்தூளும் தாளின் நிறத்தைக் குழப்பும் என்பதால் சோதனைக்குப் பிறகு மஞ்சள் போடுவது உத்தமம். 4-க்குக் கீழே காட்ட வேண்டும். 4.6 எல்லைக்கோடு, தாளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதில் பிழை வரும் என்பதால் கோட்டை ஒட்டி நிற்காதீர்கள். மேலே காட்டினால் இன்னும் 50 மில்லி சாறு ஊற்றி, அடுத்த நாள் மறுபடி பாருங்கள்.

19. பையனுக்கு வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்பணும். எண்ணெய் ஒழுகாம எப்படிக் கட்டறது?

காய்கறி, பூண்டு ஊறுகாய் வேண்டாம். நெடும் பயணத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஆவக்காய், எலுமிச்சை அனுப்புங்கள், போட்டு ஒரு மாதமாவது ஆனதாக. மேலே நிற்கும் எண்ணெயை வடித்து, துண்டும் மசாலாவும் மட்டும் அகன்ற வாய் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்புங்கள். வாயில் தடித்த பிளாஸ்டிக் தாளை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, அதன்மேல் மூடி, மூடியைச் சுற்றி டேப். பிறகு இரண்டு ஜிப் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நடுவில் செய்தித்தாள் சுற்றி, பெட்டியின் மத்தியில் துணிகளுக்கிடையே வையுங்கள்.

பொதுவாக விமானக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விட மாட்டார்கள். எண்ணெய் ஊறுகாயையும் அதில் சேர்த்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம் ஊறுகாயின் விலையைப் போலப் பல மடங்கு. அங்கே போய்ச் சேர்ந்ததும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு விரல் மட்டத்துக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.